ரீப்பரின் அகலம்

ஆள் உயரத்தைவிடப் பெரிய கண்ணாடித் தகடு இன்று எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. ஓர் அலமாரிக் கதவை மூட ஒரே துண்டு போதும். அப்படியிருந்தும் சமையலறைக்கோ புத்தக அறைக்கோ கண்ணாடிக் கதவு செய்யச் சொல்பவர்களில் பலர் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரச் சொல்கிறார்கள். ஆறு கட்டம், எட்டுக் கட்டம், சிலருக்குப் பன்னிரண்டு. பெரிய கண்ணாடி செய்யத் தெரியாத காலத்தில் வேறு வழியில்லாமல் பிறந்த வடிவம் இது. அந்தக் காலம் போய் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வடிவம் மட்டும் போகவில்லை.

இதைச் செய்கிறவர்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கண்ணாடி வெட்டி, நடுவில் ஓடும் ஒல்லி மரத்துண்டுகளான ரீப்பர்களே அதைத் தாங்கும்படி செய்வதுதான் முறை என்பது ஒரு கட்சி. முழுக் கண்ணாடி ஒன்றைப் போட்டு அதன் முகத்தில் ரீப்பர்களைக் கட்டமாக வைத்தால் போதாதா, பார்க்க அதே மாதிரிதானே இருக்கிறது என்பது மறு கட்சி. முன்னவர்கள் பின்னவர்களின் வேலையைப் போலி என்கிறார்கள். பின்னவர்கள் முன்னவர்களுடையதை வெட்டி வேலை என்கிறார்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கதவு நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத ஒன்றில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்: ரீப்பரின் அகலம். மூன்றரை நூற்றாண்டாக இந்தக் கதவைச் செய்துவந்த வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த வழி ரீப்பரை எவ்வளவு மெலிய விட்டது என்பதில்தான் அவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

லண்டனில் கடற்படை அலுவலகத்தில் பொறுப்பில் இருந்த சாமுவேல் பீப்ஸ், 1666 கோடையில் சிம்ப்சன் என்ற தச்சரை வீட்டுக்கு அழைத்தார். புத்தகங்கள் பெருகி, நாற்காலிகளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்று அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. சிம்ப்சன் ஓக் மரத்தில் செய்த அலமாரிகள் ஆகஸ்ட்டில் வந்து சேர்ந்தன. அடுத்த மாதமே நகரம் பற்றி எரிந்தது. பீப்ஸின் வீடு தப்பியது. பின்னாளில் அதே மாதிரியில் மேலும் செய்து மொத்தம் பன்னிரண்டு அலமாரிகள் ஆயின. அவர் காலத்துக்குப் பிறகு, 1724-இல், மூவாயிரம் புத்தகங்களோடு அவை கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கேதான் நிற்கின்றன. இங்கிலாந்தில் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரிகளில் இன்று அறியப்படும் மிகப் பழையவை இவை என்பார்கள். கதவு முழுக்கச் சின்னச் சின்னச் செவ்வகக் கட்டங்கள்.

கட்டங்கள் சிறியதாக இருந்ததற்குக் காரணம் கண்ணாடி உலை. இங்கிலாந்தில் வெகுகாலம் நல்ல கண்ணாடி என்றால் சுழற்றிச் செய்த கண்ணாடிதான். உருகிய குழம்பை ஊதுகுழலின் முனையில் எடுத்து ஊதிப் பெரிதாக்கி, ஒரு பக்கம் வாய் திறந்து, நெருப்பின் முன் வேகமாகச் சுழற்றுவார்கள். சுழலும் வேகத்தில் குமிழி விரிந்து நாலைந்து அடி விட்டமுள்ள வட்டத் தட்டாகிவிடும். நடுவில் இரும்புக் கோல் ஒட்டியிருந்த இடத்தில் தடித்த கண் விழும். அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு வட்டத்திலிருந்து செவ்வகங்கள் வெட்டும்போது கிடைப்பது சிறு துண்டுகள்தான். பிரான்சில் 1665-இல் தொடங்கிய செயின்ட் கோபேன் நிறுவனம் பின்னாளில் வார்ப்பு முறையில் பெரிய தகடுகள் செய்தது உண்மை; ஆனால் அவற்றை இருபுறமும் தேய்த்து மெருகேற்ற ஆன கூலி, அதை அரண்மனைச் சரக்காக்கியது. போதாக்குறைக்கு 1746-இல் பிரிட்டிஷ் அரசு கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி போட்டது. மெலிந்த சுழற்சிக் கண்ணாடிக்கு அதனால் மவுசு கூடியது.

சிறு துண்டுகளை இணைக்க வேண்டுமென்றால் நடுவில் மரம் வேண்டும். மரம் பருமனாக இருந்தால் வெளிச்சம் போகும், உள்ளே இருப்பது மறையும். அதனால் அடுத்த நூறு ஆண்டுகளின் முயற்சியெல்லாம் அந்த மரத்தை ஒல்லியாக்குவதில் போயிற்று. ஆங்கிலேய வீட்டு ஜன்னல்களில் இது கண்கூடு: பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் இருந்த ரீப்பர், நூற்றாண்டு முடியும்போது அரை அங்குலத்துக்கு வந்துவிட்டது. அலமாரியில் இந்த மெலிவு சாத்தியமானதற்கு ஒரு சட்டமும் உதவியது. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கான இறக்குமதி வரியை 1721-இல் நீக்கினார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனி லண்டன் பட்டறைகளில் குவிந்தது. ரேகை நேராக ஓடும், எளிதில் முறுக்காத, மெல்லியதாக அறுத்தாலும் சிம்பு உடையாத மரம் அது. ஓக்கில் அந்த அளவுக்கு இழைத்தால் ரேகையோடு பிளந்துகொண்டு போகும்.

மகோகனி கைக்கு வந்த பிறகு கட்டம் வெறும் கட்டமாக நிற்கவில்லை. தாமஸ் சிப்பெண்டேல் 1754-இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில், 1762-இல் 200 தகடுகளோடு விரிந்த அதன் மூன்றாம் பதிப்பில், புத்தக அலமாரிக் கதவுகளின் கண்ணாடிப் பிரிவு தனி ஓவியமாகவே வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஜார்ஜ் ஹெப்பிள்வைட்டின் பெயரில் அவர் மனைவி 1788-இல் கொண்டுவந்த புத்தகமும், சில ஆண்டுகள் கழித்து வந்த ஷெரட்டனின் புத்தகமும் கதவுக் கட்டங்களுக்கென்றே தனித் தகடுகள் ஒதுக்கின. சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் பதின்மூன்று கட்ட அமைப்பு அந்தக் காலத்துக் கதவுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பழம்பொருள் கடைகளில் இன்றும் அதைக் கண்ணாடி எண்ணிக்கையைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.

அந்தப் பதின்மூன்று கட்டக் கதவைச் செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிறகு வந்த எந்த முறையும் இதைத் தாண்டவில்லை. முதலில் கதவின் வெளிச்சட்டத்தைத் துளையும் நாக்குமாகக் கோத்து முடித்துக்கொள்வார்கள். ஒரு பலகையில் கட்டங்களை முழு அளவில் வரைவார்கள். சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய மரத் தகடுகளை அந்தக் கோடுகளின் மேல் விளிம்பில் நிறுத்தி, இருபுறமும் சிறு கட்டைகள் கொடுத்து அசையாமல் வைத்து, அவை சந்திக்கும் மூலைகளில் வஜ்ஜிரத்தில் தோய்த்த துணித்துண்டை மடித்து ஒட்டுவார்கள். தகடுகளின் நுனிகள் வெளிச்சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய சிறு பள்ளங்களில் போய் உட்காரும். பிறகு, முகப்பில் தெரிய வேண்டிய உருட்டு விளிம்புப் பட்டையின் முதுகில் தகடு நுழையும் அளவுக்கு வரிப்பள்ளம் எடுத்து, மூலைகளைச் சாய்வாக அறுத்து, தகட்டின் மேல் தொப்பி போலக் கவிழ்த்து ஒட்டுவார்கள்.

இதில் கணக்கு அழகாக விழுகிறது. முகப்பில் தெரிவது 12 அல்லது 13 மி.மீ. அகலமுள்ள பட்டை. கண்ணாடிகளைப் பிரிப்பது 3 மி.மீ. தகடு. ஆக இரண்டு பக்கமும் கண்ணாடி சாய்ந்து நிற்க நாலரை, ஐந்து மி.மீ. படி கிடைக்கிறது. படியென்று தனியாக எதையும் வெட்டவில்லை. இரண்டு துண்டுகள் சேர்ந்ததிலேயே படி வந்துவிட்டது. ஒற்றைக் கட்டையில் இருபுறமும் படி வெட்டி இதே அளவு ரீப்பர் எடுக்கப் பார்த்தால் பாதி உடையும்.

கண்ணாடியைப் பின்புறமிருந்து வைத்து, சுண்ணத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த புட்டியால் அடைப்பார்கள். புட்டியில் மரத்தின் நிறத்தைக் கலப்பதும் உண்டு. கண்ணாடி மாட்டும் முன் அந்தக் கட்டத்தை விரலால் அழுத்தினால் வளையும். பதின்மூன்று துண்டும் உட்கார்ந்து, புட்டி இறுகிய பிறகு கதவு முழுவதும் ஒரே பலகை மாதிரி நிற்கும். மரம் கண்ணாடியைத் தாங்குகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இங்கே கண்ணாடியும் மரத்தைத் தாங்குகிறது. தனித்தனிக் கண்ணாடி என்ற கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை.

அப்புறம் தேவை மறைந்தது, அதுவும் வேகமாக. ஸ்மெத்விக்கில் இருந்த சான்ஸ் ஆலை 1832-இல் உருளை முறையைக் கொண்டுவந்தது: குமிழியை நீண்ட உருளையாக ஊதி, நீளவாக்கில் கீறி, சூட்டில் விரித்துத் தட்டையாக்குவது. கண்ணாடி வரி 1845-இல் ஒழிந்தது. 1851-இல் லண்டன் கண்காட்சிக்காக எழுந்த பளிங்கு மாளிகைக்கு அதே ஆலை 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள துண்டுகளைச் சுமார் மூன்று லட்சம் கொடுத்தது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தேய்க்காமலே சமதளமாக்கும் முறையை அலஸ்டர் பில்கிங்டன் 1959-இல் அறிவித்தபோது மிச்சமிருந்த காரணமும் போயிற்று. 1665-இல் தொடங்கிய அதே செயின்ட் கோபேன் 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் மிதவைக் கண்ணாடி ஆலை திறந்தது. நம் தெருக்கோடிக் கடைக்காரர் வெட்டித் தரும் தகட்டில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

தேவை போன பிறகும் வடிவம் நின்றதற்கு ஏக்கம், பழைமை மோகம் என்று ஏதேதோ சொல்வார்கள். எனக்குப் படும் காரணம் எளிது. பெரிய ஒற்றைக் கண்ணாடிக் கதவு உள்ளே இருப்பதை அப்படியே காட்டிக் கொடுக்கும். ஒழுங்காக அடுக்காத தட்டும் டப்பாவும் கடைவீதிக்கு வந்த மாதிரி ஆகும். கட்டம் போட்டால் பார்வை முதலில் கோட்டில் நின்று, பிறகுதான் உள்ளே போகிறது. காட்டவும் வேண்டும், முழுக்கக் காட்டவும் கூடாது என்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் கோடு பருமனானால் ஜெயில் கதவு.

பருமன் எவ்வளவு உறுத்தும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 450 மி.மீ. அகலம், 910 மி.மீ. உயரமுள்ள கதவு; சுற்றிலும் 55 மி.மீ. சட்டம். உள்ளே தெரியும் திறப்பு 340-க்கு 800. இதை அகலத்தில் இரண்டு, உயரத்தில் நான்கு என்று எட்டுக் கட்டமாக்குகிறோம். ரீப்பர் 20 மி.மீ. என்றால் திறப்பின் பரப்பில் ஏறத்தாழ 13 சதவீதம் மரம். 12 மி.மீ. என்றால் 8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. காகிதத்தில் 5 சதவீத வித்தியாசம்தான். சுவரில் மாட்டியபின் ஒன்று அலமாரி, மற்றொன்று அடைப்பு.

மெலிந்தால் வலு போய்விடாதா என்று கேட்பார்கள். கதவின் முகத்தில் கை பட்டு அழுத்தும்போது ரீப்பர் வளையாமல் தாங்குவது அதன் ஆழத்தைப் பொறுத்தது, அகலத்தை அவ்வளவாகப் பொறுத்ததல்ல. வளையாத தன்மை அகலத்தோடு நேர்விகிதத்தில்தான் ஏறும். ஆழத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 20 மி.மீ. அகலமும் 12 மி.மீ. ஆழமும் உள்ள பட்டையான ரீப்பரைத் திருப்பி, 12 அகலம் 20 ஆழம் என்று நிறுத்தினால் மரம் அதே மரம், விறைப்பு மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கண்ணாடியின் பாரமோ பெரிதே இல்லை. 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை. மேற்சொன்ன கதவில் ஒரு கட்டத்தின் கண்ணாடி 340 கிராம் அளவில் நிற்கும். ஆகவே ரீப்பர் தடித்திருப்பதற்கு வலு காரணமல்ல. கருவிதான் காரணம்.

இன்றைய பட்டறையில் ரூட்டருக்கு ஜோடி பிட் விற்கிறார்கள். ஒன்று சட்டத்தின் விளிம்பில் அலங்கார வளைவையும் கண்ணாடிக்கான படியையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும். மற்றது குறுக்கே வரும் துண்டின் முனையில் அதற்கு நேர் எதிர்வடிவத்தை வெட்டும். இரண்டும் பொருந்திப் பசையில் ஒட்டிக்கொள்ளும். வேகமான வேலை, சீரான வேலை. ஆனால் பெரும்பாலான பிட்களில் வளைவுக்கே ஒரு பக்கம் 6 முதல் 8 மி.மீ. போய்விடும். இரு பக்க வளைவும் நடு நாக்கும் சேர்ந்து ரீப்பர் 20 மி.மீ.க்குக் கீழே இறங்க மறுக்கும். சமையலறைக் கதவுகள் பலவும் கனத்துத் தெரிவதன் ரகசியம் இதுதான். செய்தவரின் ரசனையைக் குறை சொல்லிப் பயனில்லை, பிட் அவ்வளவுதான் விடும். இன்னொரு பலவீனமும் உண்டு. நெடுக்கு ரீப்பர் முழுதாக ஓட, குறுக்கு ரீப்பர்கள் துண்டு துண்டாக வந்து அதில் 10 மி.மீ. நாக்கால் ஒட்டிக்கொண்டிருக்கும். பசை விட்டால் அந்தத் துண்டு கண்ணாடியின் தயவில் நிற்க வேண்டியதுதான்.

இந்த முறையில் போகிறவர்கள் கைக்கு ஆபத்தில்லாத வரிசையை மறக்கக் கூடாது. ஒல்லி ரீப்பரைத் தனியாகப் பிடித்து ரூட்டரில் தள்ளினால் விரல் பிட்டுக்குப் பக்கத்தில் போகும், துண்டும் துள்ளும். அகலப் பலகையாக இருக்கும்போதே முனைகளில் எதிர்வடிவத்தை வெட்டி, பிறகு நெடுவிளிம்பில் வளைவை எடுத்து, அதன் பின்பே ரீப்பராக அறுத்தெடுக்க வேண்டும். இரண்டாம் பக்க வளைவை எடுக்கும்போது ரீப்பரைப் பள்ளமெடுத்த தாங்குகட்டையில் உட்கார வைத்துத் தள்ளலாம்.

ரூட்டரையே வைத்துக்கொண்டு மெலிந்த ரீப்பர் எடுக்கவும் வழி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு வழியின் எளிய வடிவம் அது. பின்புறம் நிற்கும் 4 அல்லது 5 மி.மீ. தகடுகளை, சந்திப்புகளில் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றையொன்று கடக்கும்படி கோத்துக்கொள்வது. அதன் முகத்தில் 12 மி.மீ. பட்டையை ஒட்டுவது. பட்டைகளும் சந்திப்பில் பாதிக்குப் பாதி கடக்கலாம். வளைவு வேண்டாம், நேர் விளிம்பு போதும் என்று முடிவு செய்துவிட்டால் சாய்வு மூலை அறுக்கும் தொல்லையும் இல்லை. எந்த ரீப்பரும் நடுவில் துண்டாவதில்லை. பிட் செட் வாங்கும் செலவும் இல்லை. அதிகம் பேர் இதைச் செய்யாததற்கு ஒரே காரணம் நேரம். குறி போடுவதில் அரை மி.மீ. தவறினாலும் எட்டுக் கட்டமும் எட்டு விதமாகத் தெரியும்.

முழுக் கண்ணாடியின் முகத்தில் ரீப்பர் வைக்கும் இரண்டாவது கட்சிக்கு வருவோம். போலி என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. அதன் குறைகள் என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடலாம். பழைய கதவின் ஒவ்வொரு கண்ணாடியும் புட்டியில் நூலளவு வேறு கோணத்தில் உட்கார்ந்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஒரு கட்டம் மின்னும், பக்கத்துக் கட்டம் இருண்டிருக்கும். ஒற்றைத் தகட்டில் பிரதிபலிப்பு ரீப்பரைக் கடந்து ஒரே பரப்பாக ஓடும். எங்கோ சரியில்லை என்று கண் உடனே சொல்லிவிடும். ஏன் என்று சொல்லத் தெரியாது. அடுத்தது, ரீப்பர் கண்ணாடியில் முழுக்கப் படியாமல் சற்று விலகி நின்றால் அதன் நிழலுரு கண்ணாடியில் விழுந்து ரீப்பர் இரட்டையாகத் தெரியும். மூன்றாவது, கதவைத் திறந்தால் கண்ணாடி வழியே ரீப்பரின் முதுகு தெரியும். பலர் அந்த முதுகைப் பாலிஷ் போடாமலே விட்டுவிடுகிறார்கள். பச்சை மரமும் பசைத் திட்டும் அப்படியே காட்சிக்கு வரும். எந்த முறையானாலும் படியின் உள்பக்கத்தையும் ரீப்பரின் முதுகையும் கண்ணாடி ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும். சிலிக்கான் பயன்படுத்துவதாக இருந்தால் இது இன்னும் கண்டிப்பு. சிலிக்கான் தொட்ட இடத்தில் பிறகு பாலிஷ் பிடிக்காது.

ஆனால் இந்தக் கட்சி வெல்லும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, இப்போது எல்லாரும் கேட்கும் வரிவரியான ஃப்ளூட்டட் கண்ணாடி. தனித்தனியாக வெட்டினால் ஒரு கட்டத்தில் வரி முழுதாகத் தொடங்கும், பக்கத்துக் கட்டத்தில் பாதியில் தொடங்கும்; மேல் கட்டத்து வரியும் கீழ் கட்டத்து வரியும் நேருக்கு நேர் சேராது. ஒரே தகடு என்றால் வரி மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் ஓடும். மற்றொன்று பாதுகாப்பு. குழந்தைகள் ஓடியாடும் உயரத்தில் கண்ணாடிக் கதவு வைத்தால் டஃபன்டு கண்ணாடி வேண்டும். உடைந்தாலும் கூரில்லாத சிறு மணிகளாக உதிர்வது அதுதான். அதைச் சூடேற்றிப் பதப்படுத்திய பின் வெட்ட முடியாது. முன்பே அளவுக்கு வெட்டிப் பிறகு உலைக்கு அனுப்ப வேண்டும். மிகச் சிறிய துண்டுகள் உலையின் உருளைகளுக்கு நடுவே நிற்காது என்பதால் ஆலைகள் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன. கட்டம் அந்த அளவுக்குக் கீழே போனால் தனித்தனிக் கண்ணாடிக்கு வழி அடைபட்டது. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி இன்னொரு மாற்று. வெட்டலாம், ஆனால் தடிமன் கூடும், படியின் ஆழமும் அதற்குத் தக்கபடி கூட வேண்டும். சமையலறையின் கீழ்வரிசைக்கு முழு டஃபன்டு தகடும் முகப்பில் 12 மி.மீ. ரீப்பரும் வைப்பவரைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். 22 மி.மீ. ரீப்பரில் தனித்தனிக் கண்ணாடி போட்டுவிட்டு அதுவே அசல் என்று பெருமை பேசுபவரைவிட அவர் கண்ணுக்கு நல்லது செய்திருக்கிறார்.

எம்.டி.எஃப். பலகையை சி.என்.சி. இயந்திரத்தில் கட்டம் கட்டமாகக் குடைந்தெடுக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டே இல்லாததால் பெயிண்ட் அடித்தால் வழவழப்பாக இருக்கும். ரேகையில்லாத பலகை என்பதால் ரீப்பரை ஒல்லியாக்கினால் முறியும். பருமனாகவே விட வேண்டும். கழுவும் தொட்டிக்கு மேலே நீர்ப்பதம் ஏறி விளிம்பு ஊதிவிட்டால் பழுது பார்க்க முடியாது.

ரீப்பர் மெலிந்தாலும் சுற்றுச்சட்டம் மெலிய மறுக்கும் ஒரு காரணம் நவீனக் கீல். மறைந்திருக்கும் கப் கீலுக்கு 35 மி.மீ. விட்டத்தில் குழி வேண்டும், விளிம்பிலிருந்து சுமார் 5 மி.மீ. தள்ளி. ஆக 40 மி.மீ. அதற்கே போயிற்று. கண்ணாடிக்கான படி 10 மி.மீ. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மரம் மிஞ்ச வேண்டும். இதனால்தான் மேலே சொன்ன கணக்கில் சட்டம் 55 மி.மீ. ஆயிற்று, அதற்குக் கீழே போனால் குழியும் படியும் முட்டிக்கொள்ளும். பழைய பித்தளைக் கீல் போட்டால் 40 மி.மீ. சட்டமே போதும், 12 மி.மீ. ரீப்பரோடு அது ஒத்துப்போகும். கப் கீலுக்காக 55-இல் சட்டம் வைத்துவிட்டு ரீப்பரை மட்டும் கம்பியாக்கினால் இரண்டும் வெவ்வேறு கதவிலிருந்து வந்தவை போலத் தெரியும்.

மரம் எது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை தயாராகவே இருக்கிறது: தேக்கு. பர்மாவிலிருந்து கப்பலில் வந்து செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாகவும் கதவுகளாகவும் நின்ற மரம். மகோகனி லண்டனில் செய்த வேலையை இங்கே தேக்கு செய்யும். பச்சையிலிருந்து முழுக்க உலரும்போது வளையத்தின் போக்கில் 6 சதவீதத்துக்குள்ளேதான் சுருங்கும். அமெரிக்க வெள்ளை ஓக் 10 சதவீதத்தைத் தாண்டும். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே மரத்தின் ஈரப்பதம் நாலு சதவீதம் ஏறி இறங்கினாலும், 55 மி.மீ. தேக்குச் சட்டம் அரை மி.மீ. கூட மாறாது. நீளவாக்கில் மாற்றம் கணக்கில் வராது. எனவே கண்ணாடிக்குச் சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளி விட்டால் போதும். கதவு நெருக்கிக் கண்ணாடி உடைந்தது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் பருவமழை அல்ல, அளவுதான்.

தேக்கிலும் தொல்லை இல்லாமல் இல்லை. அதன் எண்ணெய்ப் பசை ஃபெவிகால் பிடிப்பைக் கெடுக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைப்பது வழக்கம். அதன் சிலிக்கா இழைப்புளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கும். இவற்றைவிடப் பெரிய சங்கதி முறுக்கல். பலகைக் கதவு என்றால் நடுப்பலகை சட்டத்தைக் கொஞ்சமாவது நிமிர்த்திப் பிடிக்கும். கண்ணாடிக் கதவில் சட்டம் தனியாள். ரேகை ஓரத்தில் வெளியேறும் கட்டையை எவ்வளவு நேராக இழைத்தாலும் ஆறு மாதத்தில் தாழ்ப்பாள் மூலை 2, 3 மி.மீ. விலகி நிற்கும். ரேகை நேராக ஓடும் கட்டையைத் தேர்ந்து, வேண்டியதைவிடச் சற்றுப் பருமனாக அறுத்துச் சில நாள் காற்றில் விட்டு, வளைய வேண்டியது வளைந்த பிறகு இறுதி அளவுக்கு இழைப்பது பழைய ஆசாரிகளின் வழக்கம். ஒப்பந்தத்தில் நாள் குறித்து வேலை வாங்குகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்தச் சில நாளைத்தான்.

கட்டங்களின் அளவில் ஒன்றே ஒன்றைச் சொல்லலாம்: குறுக்கு ரீப்பர் உள்ளே இருக்கும் தட்டின் விளிம்புக்கு நேராக வர வேண்டும். அப்போது தட்டு ரீப்பருக்குப் பின்னால் மறைந்து, ஒவ்வொரு கட்டமும் ஒரு மாடமாகும். கட்டத்தின் நடுவே தட்டு குறுக்கிட்டால் மேலும் ஒரு கோடு சேர்ந்து, 12 மி.மீ.க்குப் பட்ட பாடெல்லாம் வீண். ஏற்றி இறக்கும் தட்டு வேண்டும் என்று கேட்பவர்களிடம் தட்டின் முன்விளிம்பைக் கண்ணாடியில் செய்யச் சொல்லலாம், அல்லது இருபுறத் துளைகளை ரீப்பர் உயரங்களில் மட்டும் போட்டுக் கொடுக்கலாம்.

கண்ணாடியைப் பின்பக்கம் நிறுத்த இப்போது புட்டி குறைந்து, மர பீடிங்தான் அதிகம். பீடிங்கைப் பசையிட்டு ஒட்டுபவர்கள் ஒரு கட்டம் உடையும் நாளை நினைப்பதில்லை. உளியால் பெயர்க்கும்போது பக்கத்துக் கட்டமும் போகும். 5 மி.மீ. பீடிங்குக்கு முன்துளை போட்டு மெல்லிய பின் ஆணி அடித்தால் போதும், அதுவும் சுற்றுச்சட்டத்தில் நீளத்துக்கு இரண்டு. 12 மி.மீ. ரீப்பரின் 4 மி.மீ. தகட்டில் ஆணியே கூடாது, பிளந்துவிடும்; அங்கே சிலிக்கானை மூலைக்கு ஒரு பொட்டாக வைப்பது நல்லது. கண்ணாடி லொடலொடக்காமல் இருக்கவும் அதுவே உதவும். சுற்றிலும் தொடர்ச்சியாகச் சிலிக்கான் இழுத்துவிட்டால் பிறகு பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கண்ணாடிக் கடைக்குப் போகும்போது ஓர் அளவை எட்டால் பெருக்கிச் சொல்லும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. கையால் கோத்த கதவில் எட்டுக் கட்டமும் எட்டு அளவாகத்தான் இருக்கும். 4 மி.மீ. படியில் அளவு 2 மி.மீ. குறைந்தால் கண்ணாடி ஒரு பக்கம் நழுவி ஓரம் தெரியும், 2 மி.மீ. கூடினால் உட்காரவே உட்காராது. கதவைப் பின்புறம் திருப்பி மேசையில் படுக்க வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் நீளத்தில் இரண்டு இடம், அகலத்தில் இரண்டு இடம் அளந்து, சின்ன அளவை எடுத்து அதில் 2 மி.மீ. கழித்து, கட்டத்துக்கு எண் போட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும். சாய்கோட்டுக் கட்டம் என்றால் அளவும் உதவாது. அட்டையில் வார்ப்பு வெட்டி, கட்டத்தில் வைத்துப் பார்த்து, அதையே கடைக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும், எந்தப் பக்கம் முகம் என்று மேலே எழுதி.